சமிக்கிச் சேலைக்காரி

தங்கச்சிமடத்தில் என் பக்கத்து வீட்டு ஜெப்சியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவளோடு மீன் வாங்க மட்டும் போகமாட்டேன். அப்போதுதான் கரைக்கு வந்த மீனாக இருந்தாலும் செவுளைப் பிளந்து பார்ப்பாள், கண்ணை அமுக்கிப் பார்ப்பாள், போதாததற்கு விற்கிறவளின் முகத்தையும் உற்றுப் பார்ப்பாள். பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், புதிதாக வந்த உபதேசியார் என்று யாரும் அவளிடம் தப்பியதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள் அவள் புருஷன் ஆன்டனி ராஜ். ஒரு பழைய லென்ஸ் வந்து அந்த நம்பிக்கையிலும் மண்ணை அள்ளிப் போட்டது.

ஆன்டனி ராஜ் கல்யாணப் போட்டோகிராபர். பாம்பன், மண்டபம், மேற்கே வாலிநோக்கம், சாயல்குடி வரைக்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் எடுத்துவந்த படங்களில் நல்லதைப் பொறுக்கி, கலர் சரிசெய்து, ஆல்பமாக்குவது ஜெப்சியின் வேலை. அவனிடம் இருப்பது ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் என்கிற நவீனக் கேமரா. அதற்கென்று வாங்கிய லென்ஸ் முகத்தைத் தானே தேடிப் பிடித்து ஃபோக்கஸ் செய்துகொள்ளும். அப்படியிருக்க, ராமநாதபுரத்தில் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து பிலிம் காலத்து லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தான். நடுவில் அடாப்டர் என்று ஒரு வளையத்தைப் போட்டு மாட்டிக்கொண்டான். இனி ஃபோக்கஸ் எல்லாம் கையால் திருகித்தான்.

"நல்லா இருக்குற லென்ஸுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டாள் ஜெப்சி.

"அதுல எடுத்தா எல்லாரு படம் மாதிரிதான் வருது. இதுலதான் உசுரு இருக்கு, ஜெப்சி."

கேட்டுக்கொண்டிருந்த நானும் பெரிதாகப் புரிந்தமாதிரி தலையாட்டினேன். ஜெப்சி ஆட்டவில்லை. கம்ப்யூட்டரில் படத்தின் விவரத்தைத் திறந்தால் லென்ஸின் பெயர் வருகிற இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது. பழைய லென்ஸுக்குக் கேமராவோடு பேசத் தெரியாது, அதனால் பெயர் பதியாது என்று அவன் விளக்கினான். "பேரச் சொல்லாத சாமான எப்பிடிக்கா நம்புறது?" என்று என்னிடம் வந்து பொருமினாள்.

பாம்பன் கல்யாணப் படங்கள் வந்தபோதுதான் வினை தொடங்கியது. கோயிலில் மோதிரம் மாற்றுகிற படத்தில் பெண் முகமும் மங்கல், மாப்பிள்ளை முகமும் மங்கல். பின்னால் மின்னும் வட்டங்கள் தைத்த நீலநிறச் சமிக்கிச் சேலையில் நின்ற ஒருத்தி மட்டும் பளிச்சென்று இருந்தாள். கை தவறியிருக்கும் என்று விட்டுவிடலாம். ஆனால் மண்டபம் ஊர்க் கல்யாணத்திலும் அவளேதான், சிவப்புச் சமிக்கியில். வாலிநோக்கத்தில் பச்சை. ஆள் யாரென்று ஜெப்சிக்குத் தெரியும். ராமநாதபுரத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிற யுவராணி. பெண்ணுக்கு மேக்கப் போட்டுவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே கூட நிற்பது அவள் தொழில். ஆன்டனி ராஜுக்குப் பல கல்யாணங்களைப் பிடித்துக் கொடுப்பவளும் அவள்தான்.

ஜெப்சி மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து எனக்குக் காட்டினாள். முன்பிருந்த லென்ஸ் என்றால் அதுவே தேடிக்கொண்டது என்று சொல்லலாம். இதில் அவன் கை திருகினால்தான் ஒரு முகம் தெளியும். அப்படியானால் அவன் ஆசையாகப் பார்த்தது யாரை? அவள் கேட்டதில் எனக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை.

அவனிடம் கேட்டதற்கு, "பழைய லென்ஸுன்னா ஒண்ணு ரெண்டு தவறத்தான் செய்யும்" என்று மென்று விழுங்கினான். அதோடு ஜெப்சி கண்கொத்திப் பாம்பாகிவிட்டாள். போனை நோண்டினாள், சட்டையை மோந்தாள். ஆல்பம் அட்டை வாங்க மதுரைக்குப் போகிறேன் என்று போனவன் வெறுங்கையோடு வந்ததைக் குறித்துக்கொண்டாள். எல்லாவற்றையும்விட அவளை அறுத்தது வேறொன்று. அவன் இப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. காதுப் பக்கமாக எங்கேயோ பார்த்துப் பேசினான். குற்றமுள்ளவன் வேறு எப்படிப் பேசுவான்?

கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஏறினாள். பாலம் வந்ததும் பஸ்ஸே கடலை எட்டிப் பார்க்க, இவள் மட்டும் திட்டப்போகிற வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பார்லருக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு கேமராவுல நீதான் அழகா விழுற. என்ன சங்கதி?"

யுவராணி சண்டைக்கு வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நானே ஒங்களக் கேக்கணும்னு இருந்தேன்க்கா. அண்ணன் குடிக்கிறாரா?"

"யாரு குடிக்கிறா? நாக்க அடக்கிப் பேசு!"

"வாலிநோக்கத்துல என் மூஞ்சிக்கு நேரா நின்னுக்கிட்டு என்கிட்டயே கேக்குறாரு, 'யாரும்மா அது, கொஞ்சம் தள்ளிக்கிருங்க, யுவராணி எங்க போச்சு'ன்னு. நான்தாண்ணே யுவராணின்னேன். சிரிச்சு மழுப்பிட்டாரு. குடிச்ச வாடையும் இல்ல. இனிமே அவரக் கூப்புடலாமான்னே எனக்குப் பயமா இருக்குக்கா."

திரும்பி வரும்போது ஜெப்சி போனில் அந்தப் படங்களைப் பெரிதாக்கி, யுவராணியின் முகத்தை விட்டுவிட்டுச் சேலைச் சமிக்கியையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் மகளின் சமிக்கித் துப்பட்டாவைக் கொடியில் விரித்துப் போட்டாள். அதற்கு நாலடி முன்னால் நின்றுகொண்டு, "என்னைய ஒரு போட்டோ எடுங்க" என்றாள்.

ஆன்டனி ராஜ் கேமராவோடு வந்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். அவன் லென்ஸின் ஃபோக்கஸ் வளையத்தைத் திருகத் திருக, எந்த இடம் தெளிகிறதோ அந்த இடத்தின் ஓரங்களில் கேமரா சிவப்புப் புள்ளிகளைக் காட்டியது. ஜெப்சியின் முகத்தில் நாலைந்து புள்ளிகள் வந்தன. அவன் நிறுத்தவில்லை. இன்னும் திருகினான். பின்னால் சமிக்கி முழுக்கச் சிவப்பாக மொய்த்ததும் அமுக்கினான்.

"அருமையா வந்துருக்க" என்றான்.

ஜெப்சி வந்து பார்த்தாள். துப்பட்டாவின் ஒவ்வொரு சமிக்கியும் மின்னியது. முன்னால் அவள் கலங்கலாக இருந்தாள்.

"இதுல என் மூஞ்சி எங்கங்க?"

அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "நடுவுல மட்டும் தெரியல ஜெப்சி. ஒன்னயப் பாத்தா கம்மல் தெரியுது, தலையில பூ தெரியுது. மூஞ்சி இருக்குற எடத்துல மட்டும் புகையா இருக்கு. சிவப்பு எங்கன கூடுதோ அங்கன அமுக்கிருவேன்."

அவனுக்கு இருந்த சர்க்கரை நோய் கண்ணுக்கு ஏறியிருந்தது. மதுரைக்குப் போனது கண் டாக்டரிடம். கண்ணுக்குள் ஊசி போடவேண்டும் என்று சொன்னதும் பயந்து திரும்பியிருக்கிறான். நல்ல லென்ஸ் பீரோவுக்குள் உப்புப் பூத்துக் கிடந்தது. அரியமான் கரையில் அலை வந்தது தெரியாமல் விழுந்தபோது, இடுப்புப் பையில் இருந்த அது கடல்தண்ணீரைக் குடித்துவிட்டது. கண் விஷயம் ஜெப்சிக்குத் தெரிந்தால் கேமராவைத் தொடவிடமாட்டாள் என்று, உசுரு அது இதென்று கதை விட்டிருக்கிறான்.

"அவளோட தொடுப்பு இருந்திருந்தாக்கூட சண்டை போட்டு மீட்டிருப்பேனேக்கா" என்று ஜெப்சி பிறகு என்னிடம் சொல்லி அழுதாள். அந்தச் சமயத்தில் அழுகிற சத்தம் அவனுக்குக் கேட்கக்கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் கழுத்துவரை வழிந்தது.

அவன் தலையைச் சாய்த்து அவள் காதுப் பக்கமாகப் பார்த்தான். "கோவமா இருக்கியா? மூஞ்சிய எப்பிடி வச்சிருக்க, ஜெப்சி?"

அவள் முந்தானையை எடுத்துவிட்டுத் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். காலையில மதுரைக்குப் போவோம், ரெண்டு பேருமா."

அவன் அதை நம்பினான்.