மாரப்பன் நாய் திரும்பின மேடு

நேற்றுக் காலை பார்சல் கொண்டுவந்த தம்பி இண்டூர் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி போன் செய்தான்.

"ஐயா, வூட்டுக்குப் பக்கத்துல என்னா இருக்குதுங்க?"

மூன்று வேம்பு, இரண்டு போர்வெல், திருப்பத்தில் ஐந்து புளியமரம் என்று அடுக்கினேன்.

"டவர் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இருந்தது. உடனே போனை வைத்துவிட்டான். நான் எண்ணிச் சொன்ன பத்தும் வீண்.

டவர் இல்லாத காலத்தில் முயலும் நாயும்தான் இடங்களுக்குப் பேர் வைத்தன என்றால் நம்புவீர்களா? பென்னாகரம் பக்கம் நில அளவை வேலைக்குப் போன புதிதில் கண்டது இது. பொங்கல் கழிந்ததும் ஊரே நாய்களோடு முயல் வேட்டைக்குக் கிளம்பும். நாய் முயலைப் பிடித்த இடத்துக்கு நாய்க்காரர் பேர். பிடிக்காமல் திரும்பினாலும் அவர் பேர்தான். கூடவே கேலியும் ஒட்டிக்கொள்ளும்.

அப்படி வந்ததுதான் 'மாரப்பன் நாய் திரும்பின மேடு'. அவருடைய செவலை நாய் துரத்திய முயல், மேட்டின்மேல் நின்று திரும்பி முறைத்ததாம். செவலை வாலை மடக்கிக்கொண்டு வந்துவிட்டதாம். பதிவேட்டில் நான் பேரை எழுதப்போன நேரம் மாரப்பன் ஓடி வந்தார்.

"சார், அத மட்டும் எழுதாதீங்க. எம் பொண்ணக் கேட்டு வர்றவங்களுக்கு இந்தப் பேரச் சொல்லித்தான் வழி காட்டறானுங்க. வூட்டுக்குள்ள வரும்போதே சிரிக்கிறாங்க சார்."

"அப்ப செவல ஏன் மாமா திரும்புச்சி?" என்றார் எனக்கு அளவுச் சங்கிலி பிடித்த உள்ளூர்க்காரர் சின்னச்சாமி.

"தண்ணி தவிச்சிது. குட்டைக்குப் போச்சி."

"முயலுகிட்ட சொல்லிட்டா போச்சி?"

எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்ப எனக்கு வராது. மேட்டிலிருந்து குட்டைக்கு நடந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு. சந்தேகம் தீராமல் திரும்பும்போதும் எண்ணினேன், முந்நூற்றுப் பதினாறு. அந்த நான்கு எட்டு இன்றும் உறுத்துகிறது. ஆனாலும் தவித்த நாய் போகக்கூடிய தூரந்தான். 'நாய் தண்ணீருக்குப் போன மேடு' என்று எழுதினேன். மாரப்பன் என் பை நிறைய நிலக்கடலை கொட்டினார். ஊர் என்னையும் சேர்த்துச் சிரித்தது. அடுத்த தையில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம்; மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள்.

முயல் வேட்டைக்கு இப்போது தடை, நல்லதுதான். குட்டை தூர்ந்துவிட்டது. மேட்டை ரோடு போட அள்ளிவிட்டார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் பெங்களூரில், பாதிப் பேர் மண்ணுக்குள். என் பதிவு மட்டும் இருக்கிறது. அதைப் பொய் என்று சொல்ல ஒருவரும் மிச்சமில்லை.

ஆக, செவலை தண்ணீர் குடிக்கத்தான் போனது.