மாற்று ஆள் இல்லை

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் பச்சை அக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வலைத்தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டி, அதிலுள்ள அறுபத்து நான்கு மின்முனைகளையும் தோலோடு ஒட்ட வைப்பது அவர் வேலை. ஒட்டாத முனை திரையில் சிவப்பாக எரியும், ஒட்டினால் பச்சை. மற்றவர்கள் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினாலும் பத்துப் பன்னிரண்டு சிவப்பு மிச்சம் நிற்கும். அக்கா மழுங்கின ஊசியால் முடியை விலக்கி, பசையை வைத்து, இரண்டு சுழற்று சுழற்றுவார். இருபது நிமிடத்தில் திரை நாற்றங்கால் மாதிரி ஆகிவிடும். தலையைக் கொடுத்தவர் பாதியிலேயே தூங்கிவிடுவதும் உண்டு.

தொப்பியோடு அவர்களை ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வைப்பார்கள். மூளையில் எந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது என்று ஸ்கேன் காட்டும். ஆனால் அது மந்தம், நாலைந்து வினாடி பிந்தித்தான் சொல்லும். மின்முனைகள் கண்ணிமைப்பதற்குள் நடப்பதைப் பிடித்துவிடும். எந்த மூலையிலிருந்து வந்தது என்று கேட்டால் கையை விரிக்கும். இரண்டையும் ஒரே தலையில் ஒரே நேரத்தில் வைத்தால்தான் முழுக்கதை தெரியும் என்பார் பேராசிரியர். ஒரு காரியத்தைச் செய்யப்போன மனிதன் கடைசி நொடியில் எப்படித் தன்னை நிறுத்திக்கொள்கிறான் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நாற்பது பேரை ஆண்டுதோறும் அழைத்துப் பார்க்கும் நீண்ட ஆய்வு அது.

அக்காவின் கணவர் ரயிலில் ஒன்பது மணி நேரம் தள்ளி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒரே மகள் அவரோடு இருந்து அங்கேயே படித்தாள். அக்கா ஒரு சாவிக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார். மாதத்துக்கு ஒரு தடவை போய் மூன்று நாள் இருப்பார். அதில் ஒரு நாள் துணி துவைக்கவே சரியாக இருக்கும்.

துறைமுக ஊர் மருத்துவமனையில் இவர் வேலைக்கு இடம் காலியாகும்போதெல்லாம் மாற்றல் கேட்டு எழுதினார். முதல் தடவை பேராசிரியர், "இந்த வருஷச் சுற்று மட்டும் முடியட்டும்மா, நானே அனுப்பி வைக்கிறேன்" என்றார். இரண்டாம் தடவை, "பாதியில கை மாறினா இத்தனை வருஷப் பதிவும் வீணாயிடும்மா" என்றார். பொய் சொல்லும் மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம். கோபப்படவும் வழியில்லாமல் அக்கா திரும்பி வந்தார்.

மூன்றாம் தடவை நேராக நிர்வாக அலுவலகத்துக்கே விண்ணப்பம் போட்டார். மூன்று மாதம் சத்தமே இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை அங்கேயே போய்க் கேட்டார். எழுத்தர் கோப்பை எடுத்துப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"உங்களப் பத்தி சார் எவ்வளவு பெருமையா எழுதியிருக்காரு பாருங்க."

பேராசிரியரின் கையெழுத்தில் ஒரே வரி: 'இவருக்கு மாற்று ஆள் இல்லை.' அதன் கீழே மேலதிகாரியின் சிவப்பு மை: 'எனவே அனுமதிக்க இயலாது.'

"இது எப்ப எழுதினது?"

"முதல் விண்ணப்பத்துலயே. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் இதைக் காட்டியே திருப்பிட்டாங்க."

அக்கா கோப்பை மூடிக் கொடுத்தார். இங்கே வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருடமாகப் பாராட்டு என்று நினைத்ததெல்லாம் பூட்டாக இருந்திருக்கிறது.

அன்று மாதாந்தரச் சோதனை நாளாகவும் அமைந்துவிட்டது. இயந்திரம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க மாதம் ஒருமுறை ஒரே தலையைப் பதிவு செய்வார்கள். ஆரம்பத்தில் யாரும் கிடைக்காமல் அக்கா படுத்தார். அது அப்படியே வழக்கமாகி, அவர் தலைதான் ஆய்வுக்கே அளவுகோல். கண்ணாடி பார்த்துத் தனக்குத் தானே தொப்பி மாட்டிக்கொண்டார். முகத்துக்கு மேல் கூண்டைக் கவிழ்த்தார்கள். தலை அசையாமல் இருபுறமும் பஞ்சுத் திண்டு, கம்பிகள் ஆடாமல் மேலே மணல் மூட்டை, கைகள் விழாமல் உடம்பைச் சுற்றித் துணிப்பட்டை. பயம் வந்தால் அமுக்க ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தார்கள். படுக்கை உள்ளே நகர்ந்தது.

நூற்றுக்கு மேற்பட்ட தடவை போன குழாய். அன்றைக்கு மட்டும் அதன் மேற்கூரை மூக்கில் இடிப்பது போல் இருந்தது. இப்படிப் பயந்த எத்தனையோ பேரிடம் அவரே சொல்லியிருக்கிறார்: "கண்ண மூடிக்கோங்க. மூச்ச மெதுவா விடுங்க. நாங்க எல்லாரும் வெளியிலதான் இருக்கோம்." அதையே தனக்குச் சொல்லிப் பார்த்தார். எல்லாரும் வெளியில்தான் இருக்கிறார்கள் என்ற இடத்தில் மூச்சு அடைத்தது.

பந்தை அமுக்கினார். ஒலிபெருக்கியில் பேராசிரியரின் குரல் உற்சாகமாக வந்தது. "அருமை, பந்து வேலை செய்யுது! ஆரம்பிக்கலாம்."

அக்கா ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் பந்தைச் சரிபார்ப்பது வழக்கம். அதனால் பேராசிரியருக்குச் சந்தேகம் வரவில்லை. மறுபடி அமுக்கப் போனபோது வியர்வையில் பந்து வழுக்கி இடுப்புக்குக் கீழே உருண்டது. பட்டைக்குள் கையால் துழாவினார். எட்டவில்லை. அதற்குள் இயந்திரம் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. கத்தினார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

வெளியே மின்பதிவுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரு இளம் பொறியாளன். ஸ்கேன் இரைச்சலையும் இதயத் துடிப்பின் கலப்பையும் பதிவிலிருந்து நீக்கி மூளை அலையை மட்டும் பிரித்தெடுப்பவன். அதனால் அவனுக்கு வடிகட்டி என்று பெயர். தினமும் குப்பை என்று ஒதுக்கும் இதயத் துடிப்புக் கோடு அன்று அவன் கண்ணை உறுத்தியது. நிமிடத்துக்கு எழுபது இருக்க வேண்டியது நூற்று நாற்பதைத் தாண்டியது. நெற்றியோர முனைகள் எல்லாம் கருகருவென்று கிறுக்கின. பல்லைக் கடித்தால்தான் அப்படி வரும்.

"சார், நிறுத்துங்க. அக்காவுக்கு என்னமோ ஆகுது."

"முதல் சுற்று முடிய ரெண்டே நிமிஷம்தானே—"

அவன் காத்திருக்கவில்லை. கையை நீட்டி நிறுத்தும் பொத்தானை அடித்தான்.

வெளியே இழுத்தபோது அக்காவின் முகமெல்லாம் கண்ணீரும் பசையுமாக இருந்தது. வடிகட்டி கூண்டைக் கழற்றி, பட்டையை அவிழ்த்து, தண்ணீர் கொண்டு வந்தான். பேராசிரியர் பதறித்தான் போனார். நாற்காலி இழுத்துப் போட்டார், விசிறினார். பத்து நிமிடம் கழிந்ததும் பழக்கம் விடவில்லை.

"கொஞ்சம் ஓய்வெடுத்துட்டு, மறுபடி ஒரே ஒரு தடவை..."

அக்கா எழுந்து நின்றார். வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவத்தை ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டுபவர் அவர்தான். ஏழாவது பத்தியை ஒப்பித்தார்.

"'பங்கேற்பவர் எந்த நேரத்திலும், காரணம் எதுவும் சொல்லாமல், ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்.' நான் விலகிக்கிறேன் சார்."

"அது வெளியிலேர்ந்து வர்றவங்களுக்கும்மா."

"என்கிட்டயும்தானே கையெழுத்து வாங்கியிருக்கீங்க?"

விதி விதிதான். அதற்குப் பிறகு அக்கா குழாய்க்குள் படுக்கவில்லை. வடிகட்டி தன் தலையைக் கொடுத்தான்.

ஆனால் தலைக்குத்தான் விலகும் உரிமை இருந்தது, கைக்கு இல்லை. கோப்பில் இருந்த வரியைப் பற்றி அக்கா நேருக்கு நேர் கேட்டபோது பேராசிரியர் தலை குனிந்தார். "உண்மையைத்தாம்மா எழுதினேன். வேற ஒரு ஆளைத் தயார் பண்ணிக் குடுங்க, அந்த வரியை நானே அடிச்சிடறேன்" என்றார். அக்கா தயார் செய்தார். முதலில் வந்த பெண் நன்றாகப் பழகிய மூன்றாம் மாதம் தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டாள். அடுத்து வந்தவருக்குக் கை நடுக்கம். மூன்றாவது ஆள் தேறுவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. பேராசிரியர் சொன்ன சொல் தவறாமல் வரியை அடித்தார். மாற்றல் உத்தரவும் வந்தது.

அது வந்ததற்கு முந்தின வாரம்தான் மகளுக்கு இந்த ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் இடமில்லை. பெட்டியோடு சாவிக்கடை மாடிக்கு வந்து சேர்ந்தாள்.

அக்கா மூன்று நாள் உத்தரவைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். நான்காம் நாள், மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து, "இந்த ஆய்வு மேல அவங்களுக்கு இருக்கிற பற்று, நமக்கெல்லாம் பாடம்" என்றார். கை தட்டினார்கள். வடிகட்டி மட்டும் தட்டாமல் அக்காவையே பார்த்தான். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் அதைக் கேட்டதும் மகள் கொதித்தாள். "உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"சொன்னா உடனே, 'உங்க பொண்ணு படிப்பு முடிய நாலு வருஷமா, அப்ப இன்னும் நாலு சுற்றுக்கு நீங்கதான்'னு கணக்குப் போட ஆரம்பிச்சிடுவாரு."

கணவரிடம் தொலைபேசியில் சொன்னபோது அந்தப் பக்கம் கப்பலின் ஊதல் கேட்டது.

"ரெண்டு பேரும் அங்கயா," என்றார் அவர். "இங்க வீடு பெரிசாத் தெரியுது."

"லீவு போட்டுட்டு வாங்களேன்."

"கிரேனுக்கு வேற ஆள் இல்லைங்கிறாங்க."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் அக்கா.