கட்டக்காரரின் மாமனார்

கணினித் திரைக்கு முன்னால் உட்காரவே மாட்டார். இரண்டு எட்டு பின்னால் போய், இடுப்பில் கை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கணினியின் வயிற்றுக்குள் எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று வண்ண வண்ணக் கட்டங்களாகக் காட்டும் மென்பொருள் அங்கே ஓடும். கோப்பு பெரிதென்றால் கட்டமும் பெரிது. கணினி பழுதுபார்க்கும் அவருக்குத் தெரு வைத்த பெயர், கட்டக்காரர்.

"லாரியில லோடு ஏத்துனவன் சார் நானு. அஞ்சாங்கிளாசோட சரி. எந்த மூட்டை எடத்த அடைக்குதுன்னு எட்ட நின்னே சொல்லிருவேன்."

சொல்லியும் விடுவார். வைரஸ் என்று அடித்துச் சொன்ன பல் டாக்டரிடம், "ஒரே சினிமாவப் பதினோரு தடவ ஏத்தி வச்சிருக்கீங்க டாக்டர்" என்றார். டாக்டர் நர்சைப் பார்த்தார். நர்ஸ் மின்விசிறியைப் பார்த்தார்.

இருப்பதிலேயே பெரிய கட்டத்துக்கு அவர் வைத்த பெயர் மாமனார். "வந்து உக்காந்தா எந்திரிக்க மாட்டாரு. அவரக் கெளப்பினா வீடே காலி!"

போன வாரம் அவர் வீட்டுக் கணினியே மக்கர் செய்தது. பேத்தி முதன்முதலாக நடக்கும் வீடியோக்களை மகள் அனுப்பியிருந்தாள். இடமில்லை என்றது கணினி. "நம்ம பெட்டி கண்ணாடி மாதிரி. இது லைன் கோளாறு" என்று நாலு நாள் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். ஐந்தாம் நாள் மனைவி வந்து நின்றார்.

"ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டறீங்களே, அந்தக் கட்டத்த இங்கயும் ஒரு தடவ போடுங்க."

போட்டார். பின்னால் போக வேண்டிய அவசியமே இல்லை. திரை முழுக்க ஒரே ஆரஞ்சுக் கட்டம். கோப்புறையின் பெயர், 'நம்ம சாதனை'. யார் கணினியைச் சுத்தம் செய்தாலும், ஆறு வருஷமாக, போனைச் சாய்த்து வைத்துத் தன்னையே வீடியோ எடுத்துச் சேர்த்திருந்தார்.

"எங்கப்பாவ இழுத்தீங்களே! இங்க உக்காந்திருக்கறது மருமகப்பிள்ளையில்ல?"

"அந்தப் பல் டாக்டர் வீடியோவ மட்டுமாவது..."

"புள்ள நடக்கறதப் பாக்கணுமா, நீங்க இடுப்புல கை வச்சு நிக்கறதப் பாக்கணுமா?"

கட்டக்காரர் வாழ்நாளில் முதல் தடவையாகத் திரைக்கு முன் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் தேர்வு செய்தார். அழிக்கும் பொத்தானுக்குப் போன விரல் பாதி வழியில் நின்றது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மனைவியிடம் நீட்டினார். உள்ளங்கையை நனைத்துத் தலைமுடியைப் படிய வாரிக்கொண்டார்.

"ரெண்டு எட்டு பின்னால போயி எடு. கட்டம் முழுசாத் தெரியணும்."