பெரட்டுக்கு முந்தி வரும் மெசேஜ்

விடியற்காலையில் போன் அடித்தது. எங்கள் கிளினிக் நர்ஸ் பிலோமினா மிஸ்ஸியின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க அண்ணே. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். அன்று கிளினிக் நாள் வேறு. பசறைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் பிரஷர் பார்ப்பது அவர், மருந்து கொடுப்பது நான். பதுளையில் அவர் உடலைப் பார்க்கப் போவதா, கிளினிக்கைத் திறப்பதா என்று குழம்பி, கடைசியில் பஸ் ஏறிக் கிளினிக்குக்கே போனேன். திறக்காவிட்டால் அவருக்கே கோபம் வந்திருக்கும்.

தொண்ணூறுகளில் அவர் அங்கே வந்தபோது, தலைவலி நின்றதும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிடுவது தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயத்திலும் வழக்கம். ராசம்மா என்ற கொழுந்துக்காரம்மா, "வலிதான் போயிருச்சுங்களே மிஸ்ஸி, அப்புறம் எதுக்குங்க?" என்று சிரித்தார். சில மாதங்களில் மலையில் கொழுந்து எடுக்கும்போதே விழுந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் போனது. மிஸ்ஸி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "மாத்திரை வீட்டுலயே இருந்துச்சுங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் லயத்துக்கு போன் வாங்கிக் கொடுக்கத் தொடங்கினார்கள். மிஸ்ஸி ஒவ்வொருவரின் நம்பரையும் கேட்டு வாங்கினார். காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டுக்கு முந்தியே, மாத்திரை போடச் சொல்லி எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பினார். அந்த போன்களில் தமிழ் வராது, இங்கிலீஷ் எழுத்தில்தான் அனுப்ப வேண்டும்.

"தமிழே வாசிக்கத் தெரியாதவங்களுக்கு இது எதுக்குங்க?" என்றேன் எரிச்சலாக.

"வாசிக்க வேணாங்க. சத்தம் கேட்டாப் போதும்" என்றார் அவர்.

அந்தச் சத்தத்துக்குச் சிலர் மாத்திரை போட்டார்கள். போன் கம்பெனி மத்தியானத்தில் அனுப்பிய விளம்பரத்துக்கும் போட்டு, லெட்சுமி என்பவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். மிஸ்ஸி லயம் லயமாக ஏறி இறங்கி, "பெரட்டுக்கு முந்தி வர்றது மட்டுந்தான் என்னோடது" என்று புரியவைத்தார். ஆனாலும் என்ன பிரயோசனம்? பள்ளத்து லயங்களில் சிக்னல் இல்லை. சில பிள்ளைகள் லீவில் வந்து போனைத் திரும்ப எடுத்துப்போனார்கள். மேலிடத்தில் உதவி கேட்டார், பார்க்கலாம் என்றார்கள். விழுகிறவர்கள் விழுந்துகொண்டேதான் இருந்தார்கள். "கை சலிச்சுப்போச்சுங்க" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். மறுநாளும் அனுப்பினார்.

அவர் போன அன்று கிளினிக்குக்கு முதலில் வந்தவர் லெட்சுமிதான். நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து, "மிஸ்ஸி இன்னும் வரலைங்களா? இன்னைக்கும் நேரத்துக்கு மெசேஜ் வந்துச்சுங்க, உடனே போட்டுட்டேன்" என்றார்.

போனை வாங்கிப் பார்த்தேன். அக்கா இறந்துவிட்டார் என்று மிஸ்ஸியின் போனிலிருந்தே, அதிலிருந்த எல்லா நம்பருக்கும் தம்பி அனுப்பியிருந்தார்.

அதை வாசித்துச் சொன்னேன். லெட்சுமி அழவில்லை. காலையில் மாத்திரைக்குத் தண்ணீர் எடுத்துக் குடித்த கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "இது தெரியாம வேலைக்குப் போயிருக்காங்களேங்க எல்லாரும்" என்றார்.

போய் வாருங்கள் மிஸ்ஸி. நீங்கள் இறந்த செய்திக்கும் மாத்திரை போட்டுவிட்டுத்தான் மலைக்குப் போயிருக்கிறார்கள். நாளைக்குப் போட மாட்டார்கள்.