ஆறு பேருக்குத்தான் கையெழுத்து

மோட்டர்ஹோம் வாடகைக்கு விடுகிற தொழிலில் வாகனம் பழுதாவது குறைவு. பழுதாவது அதை எழுதிக் கொடுக்கிறவளின் தலைதான்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று ஒரே சட்டத்தை நாளுக்கு நாற்பது தரம் சொல்லித் தொண்டை கட்டியவர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்கள் என் இனம். மற்றவர்களுக்குச் சிறு விளக்கம் தேவை. மோட்டர்ஹோம் என்பது கட்டில், சமைக்கிற குசினி, கக்கூஸ் எல்லாம் உள்ளே வைத்துக் கட்டின வாகனம். ஓட்டிக்கொண்டு போய், ஏரிக்கரையில் காம்ப் போட்டுத் தங்குகிற பார்க்கில் நிறுத்தி, அதற்குள்ளேயே படுக்கலாம். ஆனால் ஏற்றக்கூடிய பாரத்துக்கு ஒரு அளவு உண்டு. கதவின் உள்பக்கத் தகட்டில் அதை அடித்திருக்கிறார்கள். எங்களிடம் இருப்பவற்றில் பெரியதற்குக்கூட ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து எண்ணூறு கிலோதான். சீற் பெல்ற் ஆறு. பார்க்கிலும் ஓர் இடத்துக்கு ஆறு பேர்தான். ஆறு என்ற இலக்கத்தை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் என் உத்தியோகம்.

எங்கள் வாகனங்கள் நிற்கிற யார்ட் கனடாவில், வெக்ஸ்போர்ட் பக்கம், பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிறது. இந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில் தமிழ்க் குடும்பங்கள் கூட்டமாக வரத் தொடங்க, அவர்கள் கதைப்பது விளங்கவில்லை என்று வெள்ளைக்கார முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். பக்கத்துப் பழைய இரும்பு யார்ட்டில் லொறி நிறுக்கிற தராசு ஒன்று உண்டு. ஆட்களும் சாமானும் ஏறின பிறகு வாகனம் அதில் ஏறவேண்டும். நான் நிறையை எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் றோட்டுக்குப் போகலாம். முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்: "உன்னுடைய கையெழுத்தோடு அளவு மீறின வாகனம் ஒன்று வெளியே போனால், அதற்குப் பின்னால் நீயும் போகலாம்."

நான் கொன்வென்றில் படித்தவள். கையெழுத்து வைத்தால் அது சத்தியம் செய்தது மாதிரி என்று சிஸ்டர்மார் சொல்லித் தந்ததை இன்னும் நம்புகிறேன். போதாக்குறைக்குப் பயந்தவள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் 401 நெடுஞ்சாலையில் ஒரு ரயர் வெடிப்பது என் கண்ணுக்குள் தெரியும். வீட்டில் இரண்டரை வயதில் ஒரு பிள்ளை இருப்பவளுக்கு அந்தப் படம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

தாங்களாக ஏறுகிறவர்கள்

என் முதல் வாடிக்கையாளர் டோர்செட் பார்க் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு அண்ணை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து முழு விளக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். எண்ணூறு கிலோவில் ஆட்களுக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு, மிச்சம்தான் சாமானுக்கு என்று கணக்கைப் பேப்பரில் போட்டே காட்டினேன். தலையாட்டினார். கெட்டிக்காரர், விளங்கிவிட்டது என்று மகிழ்ந்தேன்.

பிறகு பேனையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, ஆட்களுக்கு நேரே நான் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு வெட்டினார்.

"தங்கச்சி, அரிசி மூட்டையை நாங்கள் தூக்கி ஏத்துறம், அதை நிறுக்கிறது சரி. ஆக்கள் தாங்களாத்தானே ஏறி வருகினம், அவையை ஏன் நிறுக்கிறியள்?"

கணவருக்குக் காட்டக் கூடாத கடதாசி

எந்த அளவு வாகனம் வேண்டும் என்று தீர்மானிக்க, பதிவு செய்யும்போதே ஒவ்வொருவரின் நிறையையும் கேட்கவேண்டும். இதைவிட வயதைக் கேட்பது சுகம். ஒரு தம்பதி, கணவரின் தாயையும் கூட்டிப் போகவென்று பதிய வந்தார்கள். அங்கிள் தன் நிறையைச் சத்தமாகச் சொன்னார். அன்ரியைப் பார்த்தேன். அன்ரி சுவரில் தொங்கிய கனடாப் படத்தைப் பார்த்தார். "அவ ஒரு ஐம்பத்தைஞ்சு" என்று அங்கிள் பெருமையோடு சொன்னார். கலியாணம் கட்டின வருஷத்துக் கணக்கு என்பது கண்ணுள்ள எவருக்கும் தெரியும்.

நான் எழுதாமல் நின்றேன். அங்கிள் வாகனத்துக்குள் கட்டில் பார்க்கப் போனதும் அன்ரி கவுண்டருக்கு மேலால் வளைந்து, பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல என் காதுக்குள் ஒரு எண்ணைச் சொன்னார். அதைக் கேட்டபிறகு ஒரு அளவு பெரிய வாகனம் எழுதவேண்டி வந்தது.

"பெரிசு ஏனெண்டு இவர் கேட்டா, மாமியாலை எண்டு சொல்லுங்கோ பிள்ளை."

போகக்கூடாது

தண்ணீர் விஷயத்தில் எங்கள் சனம் ஒருவரையும் நம்பாது. பார்க்கில் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது, வெறும் தண்ணீர்த் தாங்கியோடு போய் அங்கே நிரப்புங்கள், ஒரு லீற்றர் ஒரு கிலோ என்று எவ்வளவு சொன்னாலும், இங்கேயே தாங்கியை வாய்வரை நிரப்பிவிட்டு, வீட்டில் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரையும் கலன் கலனாக ஏற்றுவார்கள். அப்படி நிரப்பிக்கொண்டு வந்த ஒருவரைத் தராசு காட்டிக் கொடுத்துவிட்டது. குடித்தால் குறைந்துவிடும்தானே என்று என்னோடு வாதாடினார்.

எனக்குக் காலையிலிருந்து தலையிடி. "அண்ணை, குடிச்சது பிறகு எங்கை போகுது? கக்கூஸும் இந்த வாகனத்துக்குள்ளைதான். அதுக்குக் கீழை ஒரு தாங்கி இருக்கு. நிறை ஒரு தாங்கியிலையிருந்து மற்றத் தாங்கிக்குப் போகுதே ஒழிய வெளியிலை போகேல்லை" என்றேன். சிஸ்டர்மார் கேட்டிருந்தால் முழங்காலில் நிற்க வைத்திருப்பார்கள். அவரோ ஆழமாக யோசித்தார். பிறகு வாகனத்துக் கதவைத் திறந்து, உள்ளே இருந்த குடும்பத்தைப் பார்த்து அறிவித்தார்.

"எல்லாரும் கேளுங்கோ, பார்க் போய்ச் சேருமட்டும் ஒருத்தரும் போகக்கூடாது!"

ஏழு அடி வெளியில்

சில பார்க்குகளில் சிறிய வாகனம் நிற்கிற இடமும் உண்டு, பெரியது நிற்கிற இடமும் உண்டு. முன்கூட்டியே அளவு சொல்லிப் பதிய வேண்டும். ஒரு தம்பி இருபது அடி இடத்தைப் பதிந்துவிட்டு, என்னிடமிருந்து இருபத்தேழு அடி வாகனத்தைக் கொண்டு போயிருக்கிறான். நான் கேட்டபோது இடம் பெரிய இடம்தான் அக்கா என்று சொன்னவன் அவனேதான். சனிக்கிழமை மத்தியானம் பார்க்கிலிருந்து தொலைபேசி. வாசலில் நிற்கிற காவலாளி விடமாட்டேன் என்கிறானாம், அக்கா ஒருக்கால் கதையுங்கோவாம். காவலாளி தொலைபேசியை வாங்கி, அந்த இடத்தில் விட்டால் வாகனத்தின் வால் பாதையில் நிற்கும், நெருப்பணைக்கிற வண்டி வந்தால் போகமுடியாது என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் மன்னிப்புக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. இந்த வேலையில் யார் பிழை விட்டாலும் மன்னிப்புக் கேட்பது நான்.

தம்பி திரும்ப வாங்கினான். பின்னால் அவன் மனைவி கொத்துரொட்டி ஆறுகிறது என்று கத்துவது கேட்டது.

"அக்கா, வெளியிலை நிக்கிறது பின்பக்கம் மட்டும்தானே, அதுக்குள்ளை ஒருத்தரும் படுக்கமாட்டினம் எண்டு அவனுக்குச் சொல்லுங்கோவன்!"

தேவையும் தேவையில்லாததும்

அஜக்ஸிலிருந்து வந்த குடும்பம் ஒன்று தராசில் பதினெட்டுக் கிலோ கூட நின்றது. எதையாவது இறக்குங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே அடுத்த வாகனத்தின் கடதாசி எழுதப் போனேன். பத்து நிமிஷத்தில் சரி அக்கா வாங்கோ என்று குரல். திரும்பி வந்து பார்த்தால் முள்ளு சரியான இடத்தில் நிற்கிறது. இவ்வளவு கெதியாக ஒரு குடும்பம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதை நான் கண்டதில்லை. சந்தோஷத்தோடு பேனையை எடுக்கும்போதுதான் தராசுக்குப் பக்கத்தில் சுவரோடு சாத்தியிருந்ததைக் கண்டேன். வாகனத்தின் மேலதிக ரயர். ஸ்பானர் எடுத்துக் கழற்றியிருக்கிறார்கள்.

பேனையை மூடினேன். உள்ளே நாலு பிள்ளைகள் பெல்ற் போட்டுக்கொண்டு சமத்தாக இருக்கின்றன. அந்த இடத்திலேயே அழுதிருப்பேன், முதலாளி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றபடியால் அழவில்லை. ரயரைப் பூட்டுவித்து, ஐஸ்பெட்டியிலிருந்து இறைச்சிப் பொதிகளை இறக்குவித்தேன். அந்தத் தகப்பன் என்னை, அவருடைய ஆட்டைத் திருடினவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ரயர் வெடிச்சாத்தான் அது தேவை தங்கச்சி. ஆட்டிறைச்சி எப்பிடியும் தேவை."

பஸ் தரிப்பிடத்தில்

மூன்று மாதம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது மச்சாள் குடும்பம் வந்தது. மச்சாள் என் கணவரின் அக்கா. அவருடைய வீட்டின் பேஸ்மென்றில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். நான் வேலைக்குப் போகிற நேரம் என் மகளைப் பார்ப்பதும் அவர்தான். அன்றைக்கு அவர் பயணம் போவதால், அவருடைய கணவரின் தம்பியின் மனைவி பிள்ளையைப் பார்ப்பாள் என்று ஏற்பாடு. மச்சாள், அவர் கணவர், இரண்டு பெடியள், மாமா, மாமி. எண்ணிப் பார்த்தேன், ஆறு. தராசில் ஏற்றினேன், அளவுக்கு முப்பது கிலோ குறைவு. என் சொந்தத்தில் இப்படி ஒழுங்கான மனிதர்களா என்று நெஞ்சு நிறைந்து கையெழுத்து வைத்தேன். புறப்படமுதல் கண்ணாடிகளை ஒருக்கால் கழுவவேண்டும் என்று மச்சாளின் கணவர் வாகனத்தை யார்ட்டிலேயே கொஞ்சநேரம் வைத்திருந்தார். எனக்கு வேலை முடிந்துவிட்டது. பஸ்ஸுக்கு நடந்தேன்.

பஸ் தரிப்பிடத்தில் மச்சாளின் கணவரின் தம்பி குடும்பம் நிற்கிறது. தம்பி, மனைவி, இரண்டு பிள்ளைகள். காலடியில் அரிசி மூட்டை, கரி மூட்டை, இரண்டு ஐஸ்பெட்டி, இடியப்ப உரல். அந்த மனைவியின் இடுப்பில் என் மகள், தொப்பியும் போட்டுக்கொண்டு, என்னைக் கண்டு கை காட்டுகிறாள்.

நான் வாய் திறக்கமுதல் மோட்டர்ஹோம் மூலையால் திரும்பி வந்து நின்றது. கதவு திறந்தது. மூட்டைகள் ஏறத் தொடங்கின. நான் பிள்ளையைப் பறித்தேன்.

"இவளை எங்கை கொண்டு போறியள்?"

"ஏரிக்குத்தான்" என்றார் மச்சாள், படியில் நின்றபடி. "ரெண்டு நாள்தானே. உம்மட அவருக்குச் சொல்லிப்போட்டம். நீர் பயந்த ஆள், கேட்டா விடமாட்டீர் எண்டுதான் உமக்குச் சொல்லேல்லை."

"பெல்ற் ஆறுதானே மச்சாள் இருக்கு! இவள் எங்கை இருக்கிறது?"

"மடியிலை. இல்லாட்டிக் கட்டிலிலை. இவளுக்கு என்ன நிறை, ஒரு பூசணிக்காய் அளவு!"

மச்சாளின் கணவர் ஸ்ரியரிங்கில் இருந்து, "சரி சரி, பிள்ளையை நீர் வைச்சிரும், நாங்கள் வெளிக்கிடுறம்" என்றார். பிள்ளை என் கையில். நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் தம்பியின் இரண்டு பிள்ளைகளும் பின்கட்டிலில் ஏறிக் குதிப்பது ஜன்னலால் தெரிந்தது. கண்ணாடிக்கு முன்னால் என் கையெழுத்துப் போட்ட கடதாசி இருந்தது. எப்படிச் செய்தேன் என்று தெரியாது, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாகனத்துக்கு முன்னால் போய் நின்றேன். அவர் ஹோண் அடித்தார். பின்னால் பஸ் வந்து அதுவும் அடித்தது. மகள் பயந்து அழ, நானும் சேர்ந்து அழுதுகொண்டே, "தராசுக்குத் திருப்புங்கோ அண்ணை" என்றேன். நாளைக்கு மச்சாள் வீட்டில் எங்களுக்கு இடம் இருக்குமோ என்றுதான் முழு நேரமும் யோசித்தேன். நகரவில்லை.

திருப்பினார். இந்த முறை இருநூற்றெண்பது கிலோ கூட. முதலாளி வெளியே வந்து தராசையும் என்னையும் பார்த்தார். "என் கையெழுத்துப் பிழை. இவர்கள் என் வீட்டு ஆட்கள்" என்றேன், வேலை போய்விட்டது என்ற முடிவோடு. அவர் அந்தக் கடதாசியை வாங்கிக் கிழித்தார். தம்பி குடும்பத்தையும் கரியையும் அரிசியையும் இறக்கும்வரை நின்று பார்த்தார். புதிய கடதாசியை என்னிடம் நீட்டினார். பிறகு இங்கிலிஷில், தொழில் பழக்குகிறவர் மாதிரி, சொன்னார்:

"திங்கட்கிழமையிலிருந்து, ஒவ்வொரு வாகனம் புறப்படமுதலும் அந்த பஸ் தரிப்பிடத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா."

தம்பி குடும்பம் என்னோடு பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்தது, அரிசி மூட்டையோடு. பஸ் நாலு தரிப்பிடம் தாண்டியது. பிறகு தம்பி, மூட்டைக்கு மேலால் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த பஸ்ஸுக்கு எவ்வளவு கிலோ எண்டு பாத்திட்டோ ஏறினனீர்?"

வேலை நிரந்தரமாகிவிட்டது, மச்சாள் மூன்று கிழமையாக என்னோடு கதைப்பதில்லை, பேஸ்மென்றை விடச் சொல்லவுமில்லை, பிள்ளை பக்கத்தில் கிடந்து குறட்டை விடுகிறாள். எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றி நிறுத்துப் பார்த்தால், ஒரு மாதிரி அளவுக்குள்தான் நிற்கிறது.