சரக்கு வகை எழுதிய பிலோமினா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பீடோங் ஊரில் உள்ள எங்கள் கிடங்கில் லோரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது பிலோமினாவின் கணவர் அழைத்தார். "அண்ணே, பிலோ போயிட்டா," என்றார். நான்கு மாதமாகப் படுக்கையில் இருந்தவர்தான். ஆனாலும் கையிலிருந்த பட்டியலை அதன்பின் என்னால் படிக்க முடியவில்லை.

உங்களில் பலர் அவரைத் தேவாலயப் பாடகர் குழுவில் அறிந்திருப்பீர்கள். நான் பதினோரு ஆண்டுகள் அடுத்த மேசையில் இருந்தவன். வந்து இறங்கும் சரக்கு எந்த வகை என்று முடிவு செய்வது எங்கள் வேலை. எடை, அடைக்கும் இடம், உடையுமா, ஆபத்தானதா என்று பார்த்து எழுத வேண்டும். ஒருமுறை பஞ்சு மெத்தைகளை எடையை மட்டும் வைத்து வகைப்படுத்தினேன். பிலோமினா அளவு நாடாவோடு வந்து நின்றார். "கிலோ கம்மிதான் அண்ணே. ஆனா பாதி லோரிய இதுவே பிடிச்சிக்கும் லா."

ஒரு மழை நாளில் எட்டு பிளாஸ்டிக் கேன்கள் வந்தன. காகிதத்தில் 'சுத்தம் செய்யும் திரவம்' என்றிருந்தது. சாதாரணச் சரக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என்னை நம்பி அவரும் கையெழுத்திட்டார். கரங்கான் ஊர்க் கடைகளுக்கான அரிசி மூட்டைகளோடு லோரி புறப்பட்டுவிட்டது. பிறகுதான் கேன்கள் இருந்த இடத்தில் ஈரத்தைப் பார்த்துக் குனிந்தார். தோட்டத்தில் வளர்ந்தவர், ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலத்தின் நெடி அவருக்குத் தெரியும். அனுப்பியவரை அழைத்துக் கேட்டதற்கு, வழக்கமான சரக்குதான் என்று அவர் சாதித்தார். பிலோமினா வாதாடவில்லை. ஓட்டுநரை அழைத்துத் வழியில் திகாம் பத்துவில் நிறுத்தச் சொன்னார். நாங்கள் போய்ப் பார்த்தபோது ஒரு கேனின் மூடி கசிந்து, இரண்டு மூட்டை அரிசி நனைந்திருந்தது. நிறுத்தாமல் விட்டிருந்தால், கரங்கானில் ஓட்டுநர் அந்த அமிலம் ஊறிய மூட்டைகளைத் தோளில் சுமந்து இறக்கியிருப்பார்.

மறுநாள் முதலாளி விசாரித்தார். நான் அனுப்பியவரின் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். பிலோமினா சொன்னார்: "அண்ணன் தொறந்து பாக்காம எழுதினாரு, போஸ். நானும் பாக்காம கையெழுத்துப் போட்டேன்."

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் பெயரைச் சொன்னதற்காக ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை. அவரோ வழக்கம்போல என் பட்டியல்களைச் சரிபார்த்துத் தந்துகொண்டிருந்தார். அந்தக் கடிதம் நியாயமானது என்று எனக்கு உறைக்க அதைவிட அதிக நாளாயிற்று. அதை அவரிடம் நான் சொன்னதேயில்லை.

என் தவற்றையும் தன் தவற்றையும் ஒரே குரலில் சொன்ன அந்தப் பழக்கத்தைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அடக்கம் முடிந்த மறுநாள், கண்ணாடிச் சாமான் பெட்டி ஒன்றுக்குத் தவறான வகை எழுதிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. நானே எழுந்து போய் முதலாளியிடம் சொன்னேன்.