டீச்சரம்மா எழுதாத கல்யாணம்

அன்று அச்சகத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். மேசைக்குப் பின்னால் முதலாளி. மெஷின் ஓட்டும் பாய். தாள் மடித்துத் தைக்கும் அக்கா. ஈய எழுத்துக் கோர்க்கும் நான். புத்தகத்தை எழுதிய டீச்சரம்மா இல்லை. அவர் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து இருபது நாள் ஆகியிருந்தது.

மர்பி டவுன் பக்கத்தில் பாதிரிமார் நடத்திய பெண்கள் பள்ளியில் அவர் டீச்சர். கல்யாணம் ஆகாதவர். முதல் யுத்தத்தில் பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போய்த் திரும்பாத ஒருவருக்கு அவரைப் பேசி வைத்திருந்தார்கள் என்று அக்கா ஒருமுறை சொன்னாள். அவர் வாயால் நான் கேட்டதில்லை. காதல் கதை எழுதுகிறவரைப் பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் அட்டையில் ஒரு ஆணின் பெயர் போடுவோம். ரயிலடிக் கடையிலும் பட்டாளத்துக் குடியிருப்பு லைன்களிலும் அந்தப் புத்தகங்கள் நன்றாகப் போயின. கடிதமெல்லாம் அந்த ஆணின் பெயருக்குத்தான் வரும். ஒருத்தி, “ஐயா, தங்கள் மனைவி கொடுத்து வைத்தவர்” என்று எழுதியிருந்தாள். டீச்சரம்மா அதை நின்றபடியே படித்தார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வருவார். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியிருப்பார். நகல் வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை. கோர்ப்பதற்கு வந்த தாள்களுக்குக் காப்பி என்று பெயர். சுவரில் இருக்கும் கம்பியில் குத்தி வைப்போம். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். எங்களிடம் எழுத்து குறைவு. ஒரு ஃபாரத்தை அச்சடித்ததும் எழுத்தையெல்லாம் கலைத்துப் பெட்டி அறைகளில் போட்டால்தான் அடுத்ததைக் கோர்க்க முடியும். முன்னால் போனதைத் திருத்த வழி கிடையாது. இப்படிப் பன்னிரண்டு புத்தகம். பன்னிரண்டும் கல்யாணத்தில் முடியும். அது முதலாளியின் கட்டளை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தைப் பார்ப்பேன், கை எடுக்கும், அடுத்ததைப் பார்ப்பேன். கதை எனக்குள் போகாது. ஆனால் அந்தக் கல்யாணங்கள் மட்டும் கையில் ஏறிவிட்டன.

பதின்மூன்றாவது புத்தகத்தின் கடைசிக் கட்டைக் கொடுக்கும்போது டீச்சரம்மா முதலாளியிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

“பன்னெண்டும் மொதலாளிக்கு எழுதினது பா. இந்த முடிவு எனக்கு எழுதினது. பாத்துக் கோத்துடு.”

சரிம்மா என்றேன். அதற்கு அடுத்த வாரம்தான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

இரண்டாம் யுத்தம் நடந்த சமயம். தாளுக்குக் கட்டுப்பாடு. அன்று முதலாளி இருந்த தாளை எண்ணிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இன்னும் எவ்ளோ இருக்கு?”

“பதினோரு தாள் காப்பி இருக்குங்க.”

“அவ்ளோவுக்கு பேப்பர் எங்க போறது? ஒரே பக்கத்துல கல்யாணத்த பண்ணி மூடு.”

“டீச்சரம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டு...”

“படுத்துனு இருக்கிறவங்கள எதுக்குத் தொந்தரவு பண்றே? பன்னெண்டு கல்யாணம் கோத்தவன் தானே நீ. காப்பி வேணுமா உனக்கு?”

பாய் சிரித்தார். “மாப்பிள்ளை பேர மாத்திடாதே பா. போன புத்தகத்து ஆளு வந்து நிக்கப் போறான்.”

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “பாவம் அந்த அம்மா” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்த்தாள்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோர்த்தேன். முன்னால் தாள் இல்லாமல் கோர்த்தது அதுதான் முதல் தடவை. கை நிற்கவேயில்லை. பந்தல், மேளம், மாலை, பெண்ணின் தாயார் கண்ணைத் துடைத்தபடி ஆசீர்வாதம். சாயங்காலத்துக்குள் ஃபாரம் மெஷினில் ஏறியது. பாய் கம்பியிலிருந்து டீச்சரம்மாவின் தாள்களை உருவி, மண்ணெண்ணெயில் நனைத்து ரோலரைத் துடைத்தார். வேலை முடிந்த காப்பியை அப்படித்தான் செய்வது வழக்கம். இது வேலை முடியாத காப்பி. எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு நின்றேன்.

புத்தகம் தைத்து வந்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டீச்சரம்மா தலையணையில் சாய்ந்து கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தார். படித்தார். திரும்பவும் படித்தார்.

“அவ அம்மா மூணாவது அத்தியாயத்திலயே செத்துட்டாங்களே பா. நீதானே கோத்தே?”

அந்தச் சாவை நான் எழுத்து எழுத்தாகக் கோர்த்திருந்தேன். ஒன்றும் எனக்குள் போகவில்லை.

“செத்தவங்கள எழுப்பிக் கூட்டினு வந்து ஆசீர்வாதம் பண்ண வெச்சிருக்கே. நான் இத்தனை புத்தகத்துல பண்ணாத அதிசயம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, “போவட்டும். அந்தத் தாளுங்கள மட்டும் கொண்டாந்து குடு. இன்னொரு தடவ எழுத எனக்குத் தெம்பு இல்ல” என்றார்.

தாள்கள் என்ன ஆயின என்று சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவர் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மழைக்காலம் பிடிப்பதற்குள் கண்ணை மூடிவிட்டார்.

மற்றப் பன்னிரண்டையும் விட அந்தப் புத்தகம் அதிகம் ஓடியது. செத்த தாய் எப்படி வந்தாள் என்று கேட்டு ஒரு கடிதம்கூட வரவில்லை. முடிவு நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். அந்தக் கடிதங்களை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. முதலாளியும் போய்விட்டார், அச்சகமும் கைமாறிவிட்டது. அலசூர்க் கடைத்தெருவில் பழைய புத்தகக் குவியலில் அது இப்போதும் கண்ணில் படும். எடுத்துப் பார்ப்பதில்லை.

டீச்சரம்மா சொன்னாரே என்று, அன்று முதலாளி கூப்பிடுவதற்கு முன்னால் அந்த முடிவின் முதல் தாளைக் கையில் எடுத்து மெதுவாகப் படிக்க ஆரம்பித்திருந்தேன். பட்டாளத்துத் தண்டு ரயிலடியில் கதையின் பெண் இறங்குகிறாள். கூட்டிப்போக யாரும் வரவில்லை. கூலிக்காரனை வேண்டாம் என்கிறாள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடக்கிறாள். அதற்குள் முதலாளி கூப்பிட, தாளைத் திரும்பக் கம்பியில் குத்திவிட்டுப் போனேன். அதற்குமேல் அவள் எங்கே போனாள் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. டீச்சரம்மா எழுதியது பதினோரு தாள். நான் படித்தது நான்கு வரி.